லேட் போடவாக்கா?

அப்பா பேருக்கு முன்னாடி லேட் போடவாக்கான்னு கேட்டுட்டு நஸீமா என் மூஞ்சியப் பாக்குறா. விரலு பத்தும் கீபோர்டு மேல நிக்குது. டீக்குச் சக்கரை போடவான்னு கேக்குற குரல்தான், வேற ஒண்ணும் இல்ல. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இந்தச் சந்துல இருக்குற பிரஸ் அத்தனையிலயும் ஒரு நாளைக்கு எத்தனை பேருகிட்ட இதைக் கேப்பாய்ங்களோ. கல்யாணப் பத்திரிகைன்னா யாராச்சும் ஒருத்தர் பேருக்கு முன்னாடி லேட் இல்லாமயா இருக்கும். அவளுக்குக் கொழப்பம் எதுலன்னா, எங்கம்மாவோட தம்பி சௌந்தரம் மாமா வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்த மேட்டர்ல 'லேட் திரு. குருசாமி'ன்னு குண்டுகுண்டா இருக்கு, அந்த லேட் மேல மட்டும் யாரோ நீல மையில கோடு கோடா அடிச்சிருக்காங்க. யாரோ என்ன யாரோ, நாந்தான். வரும்போது பஸ்ஸுல, வேகத்தடையில வண்டி தூக்கித் தூக்கிப் போடுறப்ப, பேனாவ எடுத்து அடிச்சேன். அடிச்சப்ப நல்லா இருந்துச்சு. இப்ப இவ கேக்குறப்ப, கொஞ்சம் இரும்மா, யோசிச்சுச் சொல்றேன்னேன். அவ தலைய ஆட்டிட்டு அந்த எடத்துக்கு மட்டும் மஞ்சக் கலர் குடுத்துட்டு, கீழ மண்டபத்துப் பேரு அடிக்கப் போயிட்டா. கம்ப்யூட்டர் திரையில மஞ்சளா ஒரு கட்டம் மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள எங்கப்பா உசுரோட இருக்காரா செத்துட்டாரான்னு நான் சொல்லணும். நான் ம்னு ஒரு வார்த்தை சொன்னா ஐந்நூறு கார்டுல செத்துப் போயிருவாரு. எப்பேர்ப்பட்ட அதிகாரம் பாரு எனக்கு. நாப்பத்தோரு வயசுல, ஞாயித்துக்கெழமை மத்தியானம், பசை வாடை அடிக்கிற ஒரு பிரஸ்ல, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

சின்னப்புள்ளையில லேட்டுங்கறத நான் ஒரு படிப்புன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். பி.ஏ., பி.எல். மாதிரி. பேருக்குப் பின்னாடி போட்டா பி.ஏ., முன்னாடி போட்டா லேட், அது அதைவிடப் பெரிய படிப்பு போல, தாத்தாமாருங்க மட்டும்தான் படிச்சிருக்காங்கன்னு நெனப்பு. சித்தி கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, நீ எப்பப்பா லேட் ஆவேன்னு அப்பாகிட்டப் போய்க் கேட்டேன். அம்மா வாய்மேலயே ஒண்ணு போட்டா. அப்பா சிரியோ சிரின்னு சிரிச்சாரு. 'நான் தெனமும் லேட்டுதானே தாயி'ன்னாரு. அதுவும் நெசந்தான். பூட்டுக் கம்பெனியில சேல்ஸ்மேன். பை நெறைய மாதிரிப் பூட்டும் சாவியுமாத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போவாரு, வர்றதுக்கு லேட்டாகும். லேட்டாகும், நீ சாப்புட்டுப் படு. லேட்டாயிருச்சு, சோறு இருக்கா. லேட்டாகுதுன்னு சொன்னேன்ல, எதுக்கு நொய் நொய்ங்கிற. எங்க வீட்டுல உப்பு மாதிரி அந்த வார்த்தை, எதுல பாத்தாலும் கெடக்கும். பள்ளிக்கூடத்துக்கு லேட்டுன்னா வெளியில முட்டி போடணும், கரண்டு பில்லு லேட்டுன்னா ஃபைன், பெரியத்தைக்கு சீரியஸா இருந்தப்ப ஆஸ்பத்திரியில 'லேட்டாக் கொண்டு வந்துட்டீங்களே'ன்னு டாக்டரு கையை விரிச்சது. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. எங்க அம்மா இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாதவ, ஆனா லேட்டுக்கு மட்டும் எல்லா அர்த்தமும் தெரியும். நான் பத்தாவது படிக்கையில ஒரு செவ்வாக்கெழமை அப்பா, இஸ்திரி போட்ட சட்டையா எடுத்து மாட்டிக்கிட்டு, வாசல்ல செருப்பு மாட்டும்போது சொன்னாரு, 'இன்னிக்கு லேட்டாகும் பாக்கியம், தாப்பாள் போட்டுக்காத.' அவ்வளவுதான். அதுதான் அந்த மனுசன் எங்க வீட்டுல பேசுன கடைசிப் பேச்சு. அம்மா தாப்பாள் போடல. மறுநாளும் போடல. அந்த மாசம் பூராப் போடல, அந்த வருசம் பூராப் போடல. நாய் உள்ள வந்து பாலைக் குடிச்சிட்டுப் போகும், அதுக்கும் போடல. பூட்டு விக்கிறவன் வீடு பூட்டாமக் கெடந்துச்சு. அப்புறம் மாமாதான் விசாரிச்சுக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு, பொள்ளாச்சியில இன்னொரு குடித்தனம், கைக்குழந்தை வேற இருக்குன்னு. அன்னிக்குத்தான் அம்மா எந்திரிச்சுப் போய்த் தாப்பாளப் போட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நான்தான் அழுதேன்.

நஸீமா திரும்பி, 'மண்டபம் மூணாவது தெருவாக்கா, நாலாவதா'ங்கிறா. மூணாவதும்மா. இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும், என் பொழப்பே லேட்டுதான்னு. ரயில்வே ஸ்டேஷன்ல என்கொயரி கவுண்டர்ல உக்காந்துருக்கேன், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எங்கிட்டக் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு. வண்டி லேட்டா? எவ்வளவு லேட்டு? ஏன் லேட்டு? நான் என்னமோ எஞ்சினத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிற மாதிரி என்மேல எரிஞ்சு விழுவாய்ங்க. நானும் பதிலுக்கு விழுவேன். எங்க பாஷையில லேட்டுக்கு எதிர்ப்பதம் ரைட் டைம். கண்ணாடி ஓட்டை வழியா ரைட் டைம்னு சொன்னாப் போதும், சாமி வரம் குடுத்த மாதிரி மூஞ்சி மலர்ந்துரும். ஆனா லேட்டு வேற, கேன்சல் வேற. இதைத்தான் சனங்களுக்குப் புரிய வைக்க முடியாது. லேட்டுன்னா எங்கயோ வழியில இருக்கு, வந்துரும், காத்திருக்கலாம், ஒரு டீ குடிக்கலாம். கேன்சல்னா வராது, வீட்டுக்குப் போ, வேற சோலியப் பாரு. வராத வண்டிய நாங்க ஒருநாளும் லேட்டுன்னு போர்டுல போட மாட்டோம், போட்டா எங்க வேலை போயிரும். அந்தக் கணக்குல பாத்தா எங்கப்பா லேட்டே கெடையாது, கேன்சல். 'நஸீமா, கேன்சல் திரு. குருசாமின்னு அடிம்மா'ன்னு சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சிரிப்பு வந்துருச்சு எனக்கே. என்னக்கா சிரிக்கிறீங்கன்னா. ஒண்ணும் இல்ல, நீ அடி. கல்யாணப் பொண்ணு தனியா உக்காந்து சிரிக்குதுன்னா வேற என்னமோ நெனச்சுக்கிட்டு அவளும் சிரிக்கிறா. நெனச்சுக்கட்டும்.

சிரிக்கிற காரியமா இது. இன்னிக்குக் காலைல சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருக்குறப்ப அம்மா கரண்டிய வச்சிட்டு முந்தானையில கையத் தொடைச்சுக்கிட்டே சொல்றா, 'ஒரு நாளைக்குத்தானடி, பொட்ட அழிச்சுக்கிறேன், தாலிய உள்ள போட்டு ஊக்குக் குத்திக்கிறேன், யாருக்குத் தெரியப் போகுது.' மழை வந்தா துணிய எடுத்து உள்ள போட்டுக்கிறேங்கிற மாதிரி சொல்றா. சாம்பல் கலர்ல ஒரு சேலை எடுத்து வச்சிருக்கா, பீரோவுல, மடிப்புக் கலையாம. கல்யாணத்துக்குன்னு அவளே ஆசையா எடுத்த அரக்குக் கலர் பட்டு அதுக்கு அடியில கெடக்குது. என் கல்யாண மேடையில எங்கம்மா ஏற மாட்டா. தாலி கட்டின பெறகு ஆரத்தி எடுக்க மாட்டா. எட்டாவது வரிசையில, தூணுக்குப் பின்னால, தாலி அறுத்தவளாட்டம் உக்காந்துருப்பா. எதுக்கு? சௌந்தரம் மாமா மாப்பிள்ளையோட அம்மாகிட்ட, பொண்ணோட அப்பா தவறிட்டாருன்னு வாய்கூசாம அடிச்சு விட்டுட்டாரு, அதுக்கு. பொய்யி அவரு சொல்லிட்டாரு, பொட்டு இவளுது போகணும். வெத்தலை பாக்கு மாத்துனதே மாமா வீட்டுலதான். அம்மாவ அடுப்படிய விட்டு வெளிய விடல. நான் அந்தப்பக்கம் ரூம்ல சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மா வந்து நிப்பான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். மாமா வீட்டு அத்தை நாலு நாள் கழிச்சு வாய் தவறிச் சொல்லிட்டா. மாப்பிள்ளையோட அம்மா வடையத் தின்னுட்டு, ரொம்ப நல்லாருக்கே, யாரு கைப்பக்குவம்னு கேட்டுச்சாம். மாமா சொன்னாராம், சமையலுக்கு ஆள் வச்சிருக்கோம்னு. எண்ணெச் சட்டி முன்னால நின்னுக்கிட்டு அதைக் காதால கேட்டுட்டு எங்கம்மா அடுத்த வடையத் தட்டிப் போட்டிருக்கா. எங்கிட்ட வந்து, எல்லாரும் என் வடையப் புகழ்ந்தாங்கடின்னு மட்டும்தான் சொன்னா.

தாலி மேல எனக்கு ஒண்ணும் பெரிய பக்தி கெடையாது, அதையும் சொல்லிர்றேன். அந்த மஞ்சக் கயிறு வேர்வையில ஊறி ஊறி அவ கழுத்தச் சுத்தித் தடிப்புத் தடிப்பா, கறுத்துப் போய்க் கெடக்கு. வெயில் காலத்துல ரத்தம் வர்ற மாதிரி சொறிவா. ஆயின்மெண்டு வாங்கிக் குடுத்துக் குடுத்து மருந்துக்கடைக்காரருக்கே மனப்பாடம். கழட்டி வையேம்மா, எவனுக்காகன்னு கேட்டா, வாயக் கழுவு, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுப் பேசுறன்னு பாய்வா. சரி, அது அவ கழுத்து. அவளா ஒருநாள் கழட்டி வீசுனா நான் கைதட்டுவேன். ஆனா எவனோ ஒருத்தன் பேருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து மை தடவி, அதனால அவ மறைச்சு ஊக்குக் குத்திக்கணும்னா, நான் விட மாட்டேன். ஏன் விடணும்? இவ்வளவு வருசமா ஊரே கேட்டுச்சு, உன் புருசன் எங்கன்னு. ரேஷன் கடையில கேட்டாய்ங்க, வாடகைக்கு வீடு கேட்டுப் போனப்பக் கேட்டாய்ங்க. ஒரு தடவ கூட அவ அந்தாளு செத்துட்டான்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா எவ்வளவு சுலுவா இருந்திருக்கும், பாவம்னு நாலு பேரு உச்சுக் கொட்டியிருப்பாய்ங்க. போயிட்டாருன்னு மட்டும்தான் சொல்வா. தலை நிமுந்து சொல்வா. அப்பேர்ப்பட்டவள இப்பப் போய்ப் பொய் சொல்ல வைக்கிறாய்ங்க, என் பேரச் சொல்லி.

செத்துட்டாரா? நல்லாக் குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. பாத்தேனே நான். போன ஆடியில, மத்தியான நேரம், கவுண்டர்ல கூட்டம் இல்ல, தலையக் குனிஞ்சு டிபன் பாக்ஸ மூடிக்கிட்டு இருக்கேன், கண்ணாடியில டொக் டொக்குன்னு ரெண்டு தட்டு. மோதிர விரல் முட்டியால. எங்க வீட்டுக் கதவ அப்படித் தட்டுனவரு ஒலகத்துல ஒரே ஆளுதான். தலைய நிமுத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தலை பூரா வெள்ளை. சட்டை காலர்ல கர்சீப்பு. கையில ஒயர் கூடை. 'பாலக்காடு வண்டி லேட்டாம்மா'ன்னு கேக்குறாரு. காது மந்தம் போல, பதில் கேக்குறதுக்கு ஓட்டைகிட்டக் காதக் கொண்டாந்து வைக்கிறாரு. அந்தக் காது எனக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கு. என் நெஞ்சுல பேட்ஜ் குத்தியிருக்கு, கு. பூங்கோதைன்னு. அந்தக் கு யாரு? அவருதான். அவரு பேரோட மொத எழுத்த நான் தெனமும் காலைல ஊக்குப் போட்டுச் சேலையில குத்திக்கிட்டு வேலைக்கி வர்றேன். அதுக்கு நேரா நின்னுக்கிட்டு வண்டி லேட்டாங்கிறாரு. என்னென்னமோ சொல்லியிருக்கலாம். எவ்வளவு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்த வசனமெல்லாம் இருக்கு, நாராக் கிழிக்கிற மாதிரி. 'ரைட் டைம். அஞ்சாவது பிளாட்ஃபார்ம்'னு சொன்னேன். கேக்கல போல, இன்னொரு தடவ கேட்டாரு. இன்னும் சத்தமாச் சொன்னேன். 'நல்லாரும்மா'ன்னுட்டு, கூடைய மாத்திப் புடிச்சுக்கிட்டுப் படியேறிப் போனாரு. அடுத்த ஆளு வந்து மதுரை வண்டியக் கேட்டான். அதுக்கும் சொன்னேன். அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. என்னன்னு சொல்றது? நல்லாரும்மான்னு வாழ்த்துனாருன்னா?

போன் அடிக்குது. மாமா. எடுக்கலைன்னா விடாம அடிப்பாரு. 'என்னம்மா பூங்கோதை, புரூஃப் ஆச்சா? எனக்கு ஒரு காப்பி வாட்ஸாப்ல தட்டிவிடு, நான் பாத்துட்டுத்தான் அடிக்கணும்.' பேரு விசயமா யோசனையா இருக்கேன் மாமான்னேன். 'எந்தப் பேரு?' அப்பா பேரு. 'அதான் தெளிவா எழுதியிருக்கேனே.' அவரு உசுரோட இருக்காரே மாமா. 'இதைத்தான் பேசி முடிச்சாச்சுல்ல. போனவன் போனவன்தான். செத்தா என்ன, இருந்தா என்ன?' செத்தா அம்மா பொட்ட அழிக்கணும், இருந்தா அழிக்க வேண்டாம், அதான் மாமா என்னன்னேன். நஸீமா தட்டுறத நிறுத்திட்டா. ஆனா திரும்பிப் பாக்கல, நல்ல புள்ள. மாமாவுக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. 'ஏய், உனக்கு வயசென்ன இருபதா? எத்தனை வீட்டுப் படி ஏறி எறங்கியிருப்பேன் உனக்காக? கெடைக்காதது கெடைச்சிருக்கு. ஓடிப்போனவன் மகள்னு சொல்லியா குடுக்கச் சொல்ற? இத்தனை லேட்டா அமைஞ்சதக் கெடுத்துக்காத, சொல்லிட்டேன்.' ஏறி எறங்குனது நெசந்தான். மழையில நனைஞ்சுக்கிட்டு ஜாதகக் கட்டோட வந்து நின்னது எனக்கு மறக்கல. அதுக்காக? அவரு பண்ணுனதுக்கெல்லாம் சேத்து எங்கம்மா நெத்தியக் கேக்குறாரா? 'பேருக்கு முன்னாடி லேட் இல்லாம வந்துச்சுன்னா தாய்மாமனா நான் மேடையில வந்து நிக்க மாட்டேன், தெரிஞ்சுக்க'ன்னாரு. சரிங்க மாமான்னேன். சரிங்க மாமான்னு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வச்சிட்டாரு.

இப்ப பயம் வருது. வரும்ல, கல்லா என்ன. மாப்பிள்ளை பேரு செல்வகணபதி, வேடசந்தூர்ப் பக்கம் பால் சொசைட்டியில செகரட்டரி, ரெண்டு தங்கச்சியக் கரையேத்திட்டுத் திரும்பிப் பாத்தப்ப அவருக்கும் தலை நரைச்சிருச்சு. பிளாட்ஃபார்ம் டீக்கடையில வச்சு நான் அவருகிட்ட எல்லாத்தையும் ஒடச்சுச் சொல்லிட்டேன். டீய ஆத்திக்கிட்டே, 'உங்கப்பாவையா நான் கட்டிக்கப் போறேன்'னாரு. அங்கயே எனக்குப் புடிச்சுப் போச்சு அந்த ஆள. ஆனா அவருக்கும் அவங்க அம்மான்னா கொஞ்சம் நடுக்கம்தான், அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலன்னு அதோட நிறுத்திக்கிட்டாரு. அந்தம்மா சாதாரண ஆளு இல்ல. வெத்தலை பாக்கு அன்னிக்கே என் கையப் புடிச்சுக்கிட்டு, எல்லாமே லேட்டு உனக்கு, புள்ளையாவது லேட் பண்ணாமப் பெத்துருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. மாசாமாசம் வர்றதே எனக்கு இப்ப முன்னப்பின்ன ஆகுது, லேட்டாகுற ஒவ்வொரு நாளும் அடிவயித்துல கல்லக் கட்டுன மாதிரி இருக்கு, அதை யாருகிட்டச் சொல்ல. இந்தப் பத்திரிகை அந்தம்மா கைக்குப் போகும். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு எழுத்து விடாமப் படிப்பாங்க. சம்பந்தி அம்மா நெத்தியில பொட்டோட மேடையில நிக்கிறாளே, அப்ப அன்னிக்குச் சொன்னது என்னன்னு கேப்பாங்க. கல்யாணம் நின்னாலும் நின்னுரும். நின்னா நின்னுட்டுப் போகட்டுமே. சொல்லிப் பாத்தேன், மனசுக்குள்ள. நின்னுட்டுப் போகட்டும். வலிச்சுச்சு. ரொம்பத்தான் வலிச்சுச்சு, அந்த ஆளு டீ ஆத்துற கை கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா செத்துப் போயிரல. லேட்டு லேட்டுன்னு இவ்வளவு நாளு என்னை வெரட்டுனாய்ங்க, இருபத்தஞ்சுல லேட்டு, முப்பதுல ரொம்ப லேட்டு, முப்பத்தஞ்சுக்கப்புறம் சொல்றதையே விட்டுட்டு உச்சுக் கொட்டுனாய்ங்க. யாரு டைம்டேபிளுக்கு நான் லேட்டு? யாரு போட்டது அதை? நான் பொறந்த நேரத்துக்குப் பொறந்தேன், படிச்ச நேரத்துக்குப் படிச்சேன், பரீட்சை எழுதி வேலைக்கி வந்தேன், எங்கம்மாவ ஒரு வீட்டுல உக்கார வச்சேன், புடிச்ச ஒருத்தர இப்பத்தான் பாத்தேன், கட்டிக்கிறேன். ரைட் டைம்தான்.

அப்புறம் இன்னொண்ணு. லேட்னு போட்டா என்ன ஆகும்? அந்தாளு நல்லவராயிருவாரு. செத்தவரப் பத்தி எவன் தப்பாப் பேசுவான்? இருந்து பாக்கக் குடுத்து வைக்கலையேன்னு மண்டபத்துல நாலு பேரு கண்ணத் தொடைப்பாய்ங்க. பாதியில விட்டுட்டுப் போனதெல்லாம் அழிஞ்சு, பாவம் அல்பாயுசுல போன தகப்பன்னு ஆயிரும். அவருக்கு மரியாதை, எங்கம்மாவுக்கு மூலை. சும்மா பேரு மட்டும் போட்டா? அதுவும் அவருக்குத்தான் லாபம், என்னைப் பெத்து வளத்து ஆளாக்கிக் கட்டிக் குடுக்குற மாதிரி கம்பீரமா மொத வரியில நிப்பாரு. ரெண்டும் கெடையாது. உசுரோடயும் கெடையாது, பொணமாவும் கெடையாது. 'நஸீமா, இங்க பாரும்மா'ன்னேன். சொல்லுங்கக்கா. அந்த மஞ்சக் கட்டத்த எடுத்துரு. 'லேட் வேண்டாமாக்கா?' லேட்டும் வேண்டாம், பேரும் வேண்டாம். திரும்பி உக்காந்துட்டா. 'அக்கா, இந்த மாடல்ல மேல திரு, திருமதின்னு ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணு காலியா நிக்குமே.' அந்த எடத்தையே எடு. 'எடுத்தா அம்மா பேரு ஒரு பக்கமாச் சாஞ்ச மாதிரி இருக்கும்க்கா.' அப்ப நடுவுல கொண்டு வா. அவ மவுஸப் புடிச்சு இழுத்தா. ஓரத்துல பொடி எழுத்துல ஒண்டிக்கிட்டு இருந்த பாக்கியம் நகந்து நகந்து நடுவுல வந்து நின்னுச்சு. கொஞ்சம் பெருசாக்கட்டுமாக்கான்னா. ஆக்கு. இன்னும் ஆக்கு. என் பேருக்கு முன்னாடி இருக்குற கு-வ எடுத்துட்டு பா போடு. ஆபீஸ் ரெக்கார்டுல என்ன வேணாலும் இருந்துட்டுப் போகட்டும், இது என் பத்திரிகை. எங்களது மகள்னு இருக்குறத என் மகள்னு மாத்து. இப்ப நான் சொல்லச் சொல்ல அடி. அன்புடையீர், வணக்கம். என் மகள் பா. பூங்கோதைக்கும் செல்வகணபதிக்கும் திருமணம் நடத்தி வைக்கிறேன். நீங்கள் எல்லோரும் வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறேன். இப்படிக்கு, பாக்கியம். அவ அடிச்சு முடிச்சிட்டு ஒருதடவ வாய்விட்டுப் படிச்சா. 'நல்லாருக்குக்கா'ன்னா, ரொம்ப மெதுவா. அடிச்சதுக்கப்புறம் மாத்தச் சொன்னா மாத்த முடியாதுக்கா, நல்லாப் பாத்துக்கங்கன்னா. செல்வகணபதி நம்பருக்கு ஒரு போட்டோ புடிச்சு அனுப்புனேன், மாமாவுக்கு அனுப்பல. பைக்குள்ள போன் உர்ருன்னு ஒரு தடவ உறுமுச்சு. அவராத்தான் இருக்கும். எடுத்துப் பாக்கல. பாத்துட்டுச் சொல்றதுன்னா அது நான் சொல்றதா இருக்காது. அடிச்சிரும்மான்னேன். உள்பக்கம் மெஷின் ஓட ஆரம்பிச்சுச்சு, தரை லேசா அதிர்ந்துச்சு.

அப்புறந்தான் போன எடுத்து அம்மாவக் கூப்புட்டேன். மேல அவரு மெசேஜ் வந்து நிக்குது, அதைத் தொடாம இதை அமுக்குனேன். 'என்னடி, ஆச்சா'ங்கிறா, குக்கர் சத்தத்துக்கு மேல. ஆச்சும்மா, அடிச்சுக்கிட்டு இருக்காங்க. 'உங்கப்பா பேரு நல்லா வந்திருக்கா, தப்பில்லாம?' அப்பா பேரே போடலம்மா. உன் பேருதான், நடுவுல, பெருசா. நீ கூப்புடுற மாதிரி. குக்கர் விசில் அடிச்சு அடங்குச்சு. 'சௌந்தரம் என்ன சொன்னான்?' மேடைக்கு வரமாட்டாராம். 'அய்யய்யோ. அப்ப மேடையில யாருடி நிக்கிறது?' நீதாம்மா. 'நானு மட்டுமா?' நீ மட்டுந்தான். ஆரத்தியும் நீதான். மாப்பிள்ளையோட அம்மா கேட்டா, அவரு போயிட்டாருன்னு எப்பவும் சொல்ற மாதிரி சொல்லு, வடையும் நாந்தான் சுட்டேன்னு சொல்லு. வேண்டாம்னு சொல்லப் போறா, வம்பு வேண்டாம்டின்னு அழப் போறான்னு நெனச்சேன். இதையும் சொல்லிருவோம்னு தோணுச்சு, இனிமே எதை மறைச்சு என்ன. 'அம்மா, போன ஆடியில அந்தாளு கவுண்டருக்கு வந்தாரும்மா. பாலக்காடு வண்டி லேட்டான்னு கேட்டாரு.' என்னையப் பத்திக் கேட்டாரான்னு கேப்பான்னு பாத்தேன். கேக்கல. 'உன்னையத் தெரிஞ்சுச்சா அவருக்கு?'ன்னா. இல்லம்மா. 'பக்கத்துலயா நின்னாரு?' இந்தா, கை எட்டுற தூரம். 'அப்பவும் தெரியலயா?' தெரியலம்மா. அடுப்ப அணைக்கிற டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் அவ குரலு வந்துச்சு, இவ்வளவு நாளும் நான் கேக்காத ஒரு குரலு, சின்னப்புள்ள ஒண்ணு ஒளிச்சு வச்சத எடுத்துக் காட்டுற மாதிரி. 'அரக்குச் சேலையையே கட்டிக்கிறேன்டி. பொட்டும் பெருசா வச்சுக்கிறேன். பொட்டு எங்க அம்மா எனக்கு வச்சு விட்டது.' வச்சுக்கம்மா. 'ஏய் பூங்கோதை.' சொல்லும்மா. 'இந்தத் தாலிய மட்டும் கழட்டிரட்டுமாடி? ரொம்ப வருசமா அரிக்குது.'